புது போனில் என்னென்ன ஆப் போடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தத்தில் யார் புது போன் வாங்கினாலும் அது முதலில் என் கைக்குத்தான் வரும். "நல்ல ஆப்பா நாலு போட்டுக் கொடு" என்பார்கள். போட்டுக் கொடுத்த மறுநாளிலிருந்து கேள்விகள் வர ஆரம்பிக்கும். வருஷக்கணக்காக ஏறக்குறைய அதே கேள்விகள்தான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என்னுடையது பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன். குடியிருப்பது தாம்பரம், சொந்த ஊர் அம்பாசமுத்திரம். பதில்களில் இந்த இரண்டு ஊர் வாடையும் கொஞ்சம் அடிக்கும்.

மொத்தம் எத்தனை ஆப் வைத்திருக்கிறீர்கள்?

போனோடு வந்தவற்றை விட்டுவிட்டால் இருபத்திரண்டு. முதல் திரையில் எட்டுதான். வீட்டில் வைஃபை ஓட, நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்த்தால் எந்த ஆப்பும் நன்றாகத்தான் இருக்கும். டவர் இல்லாத இடத்தில், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது, பதற்றத்தில் விரல் தப்பும்போது அது வேலை செய்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். அதில் தேறாததை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை.

முதலில் எதைப் போடுவீர்கள்?

விசைப்பலகை. பெரிதாக எதையோ எதிர்பார்த்தவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். ஆனால் ஒரு நாளில் போனில் நாம் அதிகமாகத் தொடுவது அதைத்தான்.

கூகுளின் ஜிபோர்டு பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்கெனவே இருக்கும். அமைப்புகளில் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும். தமிழ் எழுத்துகளையே தட்டலாம், 'amma' என்பதுபோல் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக வாங்கலாம். விரலால் திரையிலேயே எழுதிக்கூடக் காட்டலாம். பேசியும் எழுதலாம். தமிழில் பேசி எழுதும் வசதியைக் கூகுள் 2017 ஆகஸ்டில் கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் பெரியம்மா வாட்ஸ்அப்பில் எழுத ஆரம்பித்தார். அதுவரை எல்லாமே குரல் பதிவுதான். இப்போது "வெண்டைக்காய் கால் கிலோ, தேங்காய் ரெண்டு" என்று மைக்கைப் பார்த்துச் சொல்கிறார். கடைக்காரருக்கு எழுத்தாகப் போய்விடுகிறது. நெல்லைப் பேச்சு மட்டும் அதற்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. "எய்யா" என்று என்னை அழைப்பதை ஒவ்வொரு முறையும் "ஐயா" என்றே எழுதுகிறது.

நிறையத் தமிழ் எழுதுபவராக இருந்தால் செல்லினம் என்ற விசைப்பலகை ஆப்பைப் பாருங்கள். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கியது. பட்டன் போன் காலத்தில், 2005 பொங்கலன்று வெளிவந்தது. அதில் தமிழ்99 என்ற தட்டச்சு முறையைப் பழகிக்கொள்ளலாம். முதல் வாரம் கை தடுமாறும், அப்புறம் விடமாட்டீர்கள். காரணம் சொல்கிறேன். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நாலு தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'தங்கம்' எழுதும்போது ங-வுக்குப் பின் க அடித்தாலே ங்-க்குப் புள்ளி வந்துவிடும். தமிழ்ச் சொற்களில் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வரும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது. ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டு, மேலே வரும் நாலு சொல்லில் எது சரி என்று தேடும் தொல்லை கிடையாது.

பணம் அனுப்ப எந்த ஆப் நல்லது?

எதுவானாலும் சரி. ஜிபே, போன்பே, பேடிஎம், பீம் எல்லாம் ஓடுவது தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகமான என்பிசிஐ 2016இல் தொடங்கிய அதே யூபிஐ தண்டவாளத்தில்தான். ஒன்றைப் பிரதானமாகவும் இன்னொன்றை மாற்றாகவும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வேறு வேறு வங்கிக் கணக்கோடு இணையுங்கள். மாதத்தின் முதல் தேதியில் ஒரு வங்கியின் சர்வர் திணறினால் அந்த இரண்டாவது கணக்குதான் மானத்தைக் காப்பாற்றும்.

பலர் கவனிக்காத ஒன்று யூபிஐ லைட். வங்கியிலிருந்து கொஞ்சம் பணத்தைத் தனியாக எடுத்துப் போனில் வைத்துக்கொள்வது. 5,000 ரூபாய் வரை வைக்கலாம். ஒரு தடவைக்கு 1,000 வரை பின் நம்பர் போடாமலே கொடுக்கலாம். டீக்கடை, பூக்காரம்மா, ஷேர் ஆட்டோ எல்லாம் நான் இதில்தான். இன்னொரு லாபமும் உண்டு: வங்கிப் பாஸ்புக் முழுக்க 12 ரூபாயும் 15 ரூபாயுமாக நிரம்பாது. திரைப்பூட்டு இல்லாத போனில் மட்டும் இதை வைக்காதீர்கள். போன் தொலைந்தால் எடுத்தவர் பின் இல்லாமலே அந்தப் பணத்தைச் செலவழித்துவிடலாம்.

"பணம் வந்திருக்கிறது, பின் போடுங்கள்" என்கிறார்களே?

பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் பணம் போகப்போகிறது என்று பொருள். பழைய கட்டில், பீரோ விற்க விளம்பரம் போட்டவர்கள்தான் இதில் அதிகம் மாட்டினார்கள். தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு யூபிஐயில் கோரிக்கை அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். க்யூஆர் அனுப்பி ஏமாற்றுவது மட்டும் இன்னும் இருக்கிறது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தகவல் போனால்தான் பிடித்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

ரயிலுக்கு எது?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன்.

'வேர் இஸ் மை டிரெயின்' என்ற ஆப். பெங்களூரில் சிக்மாய்டு லேப்ஸ் என்ற சிறிய நிறுவனம் செய்தது; 2018 கடைசியில் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். இதன் விசேஷம், நெட் இல்லாமலே ரயில் எங்கே போகிறது என்று சொல்வது. போன் எந்த செல்போன் டவரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பது போனுக்குத் தெரியும். பாதையில் எந்த டவர் எங்கே இருக்கிறது என்ற கணக்கை ஆப் கையில் வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து இடத்தைச் சொல்லிவிடுகிறது. ஜிபிஎஸ் கூட வேண்டாம். ரயில் பெட்டிக்குள், கீழ் பெர்த்தில், ஜன்னல் சாத்தியிருக்கும்போது ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்காது, டவர் கிடைக்கும்.

திருநெல்வேலியிலிருந்து ராத்திரி ரயிலில் வருகிறோம் என்று வையுங்கள். விடியற்காலை. வெளியே ஒரே இருட்டு. மேல் பெர்த்திலிருந்து ஒருவர் தலையை நீட்டி "இது எந்த ஊருங்க?" என்பார். கீழே இருப்பவர் "திண்டிவனம் போச்சுன்னு நினைக்கிறேன்" என்பார். இன்னொருவர் "மேல்மருவத்தூரே தாண்டியாச்சே" என்பார். முன்பெல்லாம் கொளவாய் ஏரியின் தண்ணீர் தெரிகிறதா என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துத்தான் செங்கல்பட்டு என்று உறுதி செய்வோம். இப்போது அந்த ஆப்பில் செங்கல்பட்டுக்கு அலாரம் வைத்துவிட்டுத் தூங்குகிறேன். நேரத்தை வைத்து அடிப்பதில்லை, இடத்தை வைத்து அடிக்கும் அலாரம். ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதமானால் எனக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதல் தூக்கம். செங்கல்பட்டில் எழுந்து, பல் தேய்த்து, பெட்டியை இறக்கி வைத்தால் தாம்பரம் வந்திருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. டவர் முறை நீங்கள் ரயிலுக்குள் இருந்தால்தான் சரி. வீட்டிலிருந்து அண்ணன் வரும் ரயிலைப் பார்க்க நெட் வேண்டும். ரயில் ரத்து, பாதை மாற்றம் போன்ற செய்தியும் நெட் இருந்தால்தான் வரும்.

டிக்கெட்டுக்கு?

ரயில்வே 2025 ஜூலை 1 அன்று ரயில்ஒன் என்ற ஆப்பை வெளியிட்டது. முன்பதிவு, முன்பதிவில்லா டிக்கெட், பிளாட்பாரம் டிக்கெட், பிஎன்ஆர் எல்லாம் அதிலேயே. நான் லோக்கல் ரயிலுக்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். ஒரு சூட்சுமம் தெரியாமல் பலர் பிளாட்பாரத்தில் நின்று திணறுகிறார்கள்: காகிதமில்லாத டிக்கெட்டைத் தண்டவாளத்தை ஒட்டி நின்றுகொண்டு எடுக்க முடியாது. பரிசோதகரைப் பார்த்த பிறகு அவசரமாக எடுப்பதைத் தடுக்கத்தான் அப்படி. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுங்கள். மறந்துவிட்டால் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்து எடுக்கலாம். ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினால் செல்லாது. ஆப்பைத் திறந்து டிக்கெட்டைக் காட்ட வேண்டும், அதற்கு நெட் தேவையில்லை.

தட்கால் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான். ஏசிக்குக் காலை 10 மணி, ஏசி இல்லாததற்கு 11 மணி, ரயில் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள். 2025 ஜூலையிலிருந்து கணக்கை ஆதாரோடு சரிபார்த்திருந்தால்தான் ஆன்லைனில் எடுக்க முடியும். 10.58க்கு அதைச் செய்ய ஆரம்பிக்காதீர்கள். சாதாரண முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். பழைய 120 நாள் கணக்கை வைத்துத் தீபாவளிக்கு நாள் எண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சென்னைக்குள் பஸ், மெட்ரோ?

சென்னை ஒன். 2025 செப்டம்பரில் வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்கலாம். கண்டக்டரிடம் சில்லறைக்கு நிற்க வேண்டாம் என்பதே எனக்குப் போதும்.

மற்ற ஊர்களில்?

தொலைதூர அரசுப் பேருந்துக்கு டிஎன்எஸ்டிசி ஆப்பில் இருக்கை பதியலாம். டவுன் பஸ் எப்போது வரும் என்பதற்குப் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையை மிஞ்சிய ஆப்பை நான் இதுவரை பார்க்கவில்லை.

மலைப்பக்கம் போனால் மேப் நின்றுவிடுகிறதே?

நிற்பது மேப் படம்தான், ஜிபிஎஸ் நிற்பதில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது. அதற்கு நெட்டும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். பாதைப் படம் போனில் இல்லாததால் வெற்றுத் திரையில் நீலப் புள்ளி மட்டும் நிற்கும். கிளம்புவதற்கு முந்தைய இரவே கூகுள் மேப்பில் உங்கள் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் மேப் என்பதில் போய், அந்த வட்டாரத்தைக் கட்டம் கட்டி இறக்கி வைத்துவிடுங்கள். நாங்கள் கொல்லிமலை போனபோது இப்படித்தான். 70 கொண்டை ஊசி வளைவில் பாதிக்கு மேல் டவர் இல்லை. இறக்கி வைத்த மேப் கடைசி வரை வழி காட்டியது. போக்குவரத்து நெரிசல் மட்டும் ஆஃப்லைனில் தெரியாது. அந்த மலையில் நெரிசல் என்றால் குரங்குக் கூட்டம்தான்.

நடந்து போகிறவர்களுக்கு ஆர்கானிக் மேப்ஸ் நல்லது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திட்டத்தில் பொதுமக்களே வரைந்த வரைபடத்தை வைத்து ஓடுவது. ஒற்றையடிப் பாதைகூட இருக்கும், விளம்பரம் கிடையாது. எங்கள் ஊர் வாய்க்கால் கரைப் பாதையைச் சேர்த்தது நான்தான் என்பதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை உண்டு.

டிஜிலாக்கரில் இருக்கும் லைசென்ஸைப் போலீஸ் ஏற்றுக்கொள்வார்களா?

ஏற்க வேண்டும். டிஜிலாக்கர் என்பது மத்திய அரசின் ஆவணப் பெட்டக ஆப், 2015இல் தொடங்கியது. அதிலும் வாகன ஆவணங்களுக்கான எம்பரிவாகன் ஆப்பிலும் இருக்கும் லைசென்ஸ், ஆர்சி இரண்டும் அசலுக்குச் சமம் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2018இல் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது.

ஆனால் இதில் ஒரு பாகுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். டிஜிலாக்கர் வழியாகச் சம்பந்தப்பட்ட துறையே உங்களுக்குக் கொடுத்த ஆவணம் ஒரு வகை. நீங்களே போட்டோ எடுத்து ஏற்றியது இன்னொரு வகை. முதல் வகைக்குத்தான் அந்த மதிப்பு. இரண்டாவது வெறும் படம். கேலரியில் இருக்கும் ஸ்க்ரீன்ஷாட்டும் வெறும் படம்தான். இது தெரியாமல் "டிஜிலாக்கர்ல இருக்கு சார்" என்று வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் ஒன்று, கவுன்ட்டர் ஒன்று என்பதும் உண்மை. ஒரு அலுவலகத்தில் டிஜிலாக்கரைத் திறந்து நீட்டினேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் போனை வாங்கி, நிதானமாகப் படித்து, "எல்லாம் சரியா இருக்கு. இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்றார். ஆகவே பையில் ஒரு நகலும் இருக்கட்டும்.

கேம்ஸ்கேனர் போன பிறகு எதில் ஸ்கேன் செய்வது?

2020 ஜூன் 29 அன்று தடை செய்யப்பட்ட 59 ஆப்களில் டிக்டாக்கோடு அதுவும் ஒன்று. அதற்குப் பதில் புதிதாக எதுவும் போட வேண்டாம். உங்கள் போனில் கூகுள் டிரைவ் இருக்கும். அதில் கேமரா படத்தைத் தொட்டால் ஸ்கேனர் திறக்கும். ஓரங்களை அதுவே வெட்டி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்கும்.

ஆப்பைவிட முக்கியம் வெளிச்சம். காகிதத்தைக் கறுப்புத் துணியிலோ சிவப்புத் தரையிலோ வையுங்கள். அப்போதுதான் வெள்ளை ஓரம் எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியும். ஃபிளாஷ் போடாதீர்கள், நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். பகலில் ஜன்னல் பக்கம் நின்று, உங்கள் தலை நிழல் விழாமல் எடுங்கள். லேமினேட் செய்த சான்றிதழ் என்றால் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, பளபளப்பு போகும் கோணத்தைத் தேட வேண்டும். விண்ணப்பத் தளங்களில் 'கோப்பு 200 கேபிக்குள்' என்று கேட்பார்கள். கலரில் எடுத்ததைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

ட்ரூகாலர் வேண்டுமா?

எனக்கு வேண்டாம். யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிவது வசதிதான். அது எப்படித் தெரிகிறது? இந்த மாதிரி ஆப்களில் மற்றவர்கள் உங்களை எந்தப் பெயரில் குறித்து வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு பட்டியல் உருவாகிறது. 'கடன்கார மாமா' என்று யாராவது பதிந்து வைத்தால் ஊருக்கே அந்தப் பெயர் தெரிய வாய்ப்பு உண்டு. தினமும் புது எண்களில் பேச வேண்டிய வியாபாரிகளுக்கு அது தேவைப்படலாம், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாத எண்ணை எடுக்காமல் விடுவதே போதும்; அவசரம் என்றால் மறுபடி கூப்பிடுவார்கள்.

போன் தொலைந்துவிட்டால்?

தொலைவதற்கு முன்பே இரண்டு நிமிட வேலை இருக்கிறது. *#06# என்று அடியுங்கள். போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். அதைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள். அதே போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்திருந்த ஆளை எனக்குத் தெரியும். அவர் பெயரைச் சொல்லி வீட்டில் குழப்பம் வேண்டாம்.

தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் பதிந்தால் இந்தியாவில் எந்த சிம் போட்டாலும் அந்த போன் வேலை செய்யாமல் தடுத்துவிடுவார்கள். அதற்கு ஆப்பும் உண்டு, 2025 ஜனவரியில் வந்தது. எல்லா புது போனிலும் அது இருந்தே ஆக வேண்டும் என்று அந்த வருஷக் கடைசியில் உத்தரவு போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள். ஆக, வைப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று அந்தத் தளத்தில் ஒரு தடவை பாருங்கள். பலருக்குத் தூக்கிவாரிப் போடும்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை ஏபிகே கோப்பாக வந்திருக்கிறது, திறக்கலாமா?

கூடாது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் கூடாது. பத்திரிகை என்றால் படமாக வரும், பிடிஎஃபாக வரும், வீடியோவாக வரும். ஏபிகே என்பது ஆப். அதை நிறுவினால் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி எல்லாம் வேறு ஒருவர் கைக்குப் போகும். அப்புறம் உங்கள் வாட்ஸ்அப்பிலிருந்து உங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அதே பத்திரிகை கிளம்பும். அதனால்தான் அனுப்பியவர் தெரிந்தவராக இருக்கிறார். போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி, கரண்ட் பில் பாக்கி என்று வேறு வேஷங்களிலும் இது வரும்.

உடனடிக் கடன் ஆப்?

வேண்டாம். கடன் கொடுக்கும் ஒருவருக்கு உங்கள் தொடர்புப் பட்டியலும் போட்டோக்களும் எதற்கு என்று யோசியுங்கள்.

இடம் நிரம்பிவிட்டது என்று காட்டிக்கொண்டே இருக்கிறதே?

தொண்ணூறு சதவீதம் வாட்ஸ்அப்தான். நான் அளந்து சொல்லவில்லை, திறந்து பார்த்த போன்களின் அனுபவம். வாட்ஸ்அப் அமைப்புகளில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரிசையாக இருக்கும். எங்கள் பெரியப்பா போனில் 'காலை வணக்கம்' குழு ஒன்று மட்டும் 9 ஜிபி. சூரிய உதயம், ரோஜாப்பூ, முருகன், மறுபடி ரோஜாப்பூ. தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்திவிட்டு, பெரிய கோப்புகளிலிருந்து அழித்து வாருங்கள். 'கிளீனர்' என்று வரும் ஆப்கள் எதுவும் வேண்டாம். கூகுளின் ஃபைல்ஸ் போதும்.

வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது கூகுளின் 15 ஜிபி இலவச இடத்திலேயே கணக்காகிறது. ரோஜாப்பூக்கள் அங்கேயும் போய் உட்கார்ந்தால் ஜிமெயிலுக்கு இடம் இருக்காது.

மழை, இடிக்கு?

மழைக்கு வானிலை ஆய்வுத் துறையின் மௌசம் ஆப், தமிழக அரசின் டிஎன் அலெர்ட். இடிக்குத் தாமினி. இது வயலில், திறந்தவெளியில் வேலை செய்கிறவர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டியது. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்தது. சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இறங்குகிறதா என்று காட்டி எச்சரிக்கும். இருப்பிட அனுமதி கொடுத்தால்தான் வேலை செய்யும். மற்ற ஆப்களுக்கு அந்த அனுமதியைக் கொடுக்க நான் கஞ்சத்தனம் பார்ப்பேன், இதற்குப் பார்ப்பதில்லை. எச்சரிக்கை வந்ததும் புளியமரத்தடியில் போய் ஒதுங்காதீர்கள். கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போங்கள்.

விவசாயம் பார்ப்பவர் என்றால் உழவன் ஆப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். மானியம், சந்தை விலை, வாடகை இயந்திரம் எல்லாம் தமிழில் இருக்கும்.

கரண்ட் போனால்?

ஆப் திறந்து புகார் பதிவதைவிட மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்வதே வேகம். பில் கட்ட மட்டும் ஆப் அல்லது யூபிஐ.

நல்ல டார்ச் ஆப் ஒன்று சொல்லுங்கள்.

போனிலேயே டார்ச் இருக்கிறது. மேலிருந்து கீழே இழுங்கள்.

எதையாவது போட்டுவிட்டு நீக்கியிருக்கிறீர்களா?

நிறைய. மனசு கேட்காமல் நீக்கியது ஒரு கேலரி ஆப். சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற தொகுப்பில் ஒன்று. விளம்பரம் இல்லை, தேவையில்லாத அனுமதி கேட்காது. 2023 கடைசியில் அதை உருவாக்கியவர் மொத்தத் தொகுப்பையும் வேறு நிறுவனத்துக்கு விற்றார். மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், அதில் உழைத்த மற்றவர்கள் ஃபாசிஃபை என்ற பெயரில் அதே ஆப்களைத் தொடர்ந்தார்கள். நான் அதற்கு மாறிக்கொண்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஆப்பின் உரிமையாளர் பெயரையும் பார்க்கும் வழக்கம் அப்போது வந்ததுதான்.

வயதானவர்கள் போனில் எப்படி அமைத்துக் கொடுப்பது?

குறைத்துக் கொடுங்கள். பெரியம்மா போனில் முதல் திரையில் ஆறு படம்தான்: போன், வாட்ஸ்அப், கேமரா, யூடியூப், என் படம், அக்கா படம். கடைசி இரண்டும் தொட்டால் நேராக அழைப்பு போகும் குறுக்குவழி. எழுத்தைப் பெரிதாக்கி, விசையொலியை ஆன் செய்துவைத்தேன். நமக்கு எரிச்சலூட்டும் அந்த 'டிக்' சத்தம்தான் தொட்டது பட்டதா என்று அவருக்குச் சொல்கிறது. தமிழகக் காவல்துறையின் காவல் உதவி ஆப்பில் அவசர பட்டன் இருக்கிறது. அதை இரண்டாம் திரையில் வைத்து, தவறி அமுக்கினால் என்ன ஆகும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். பூட்டிய திரையிலேயே தெரியும்படி ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, என் எண் மூன்றையும் அவசரத் தகவலில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து அழைத்தார். "எய்யா, யூடியூப்பைக் காணோம்." விரல் அழுத்திப் பிடித்ததில் படம் நகர்ந்து போயிருந்தது. திரையமைப்பைப் பூட்டும் வசதி பல போன்களில் உண்டு. கொடுக்கும் அன்றைக்கே அதைப் போட்டுவிடுங்கள், நான் மறந்துவிட்டேன்.

எங்கள் மாமா ஸ்மார்ட்போனே வேண்டாம் என்கிறார். அவருக்கு?

பட்டன் போனிலும் யூபிஐ உண்டு. வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து *99# அடித்தால் பட்டியல் வரும். பணம் அனுப்பலாம், இருப்பு பார்க்கலாம். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை. நெட் வேண்டாம். என் மாமனார் பென்ஷன் வந்துவிட்டதா என்று இதில்தான் பார்க்கிறார். ஒன்றாம் தேதி காலையில் திண்ணையில் உட்கார்ந்து *99# அடித்து, தொகையைப் படித்துவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். சார்ஜ் போடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.